வாசலில் நிற்பவரோடு சண்டை போடாதீர்கள்

அன்புள்ள அம்மாக்களே, அப்பாக்களே,

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சினிமாக்காரர்கள் மீதோ சேனல்காரர்கள் மீதோ இல்லை இந்தக் கோபம். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே கூட்டிப்போகிறோம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் நடக்கிற உங்கள் மீதுதான்.

ரஜினிகாந்த் நடித்த 'கூலி' 2025 ஆகஸ்ட் 14 அன்று 'ஏ' சான்றிதழோடு வெளியானது. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் மல்டிபிளக்ஸ் வாசல்களில் வாக்குவாதம் நடந்தது. மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எட்டு வயதுப் பையனை முன்னால் நிறுத்திக்கொண்டு, டிக்கெட் பார்க்கும் பையனிடம் மல்லுக்கு நின்றார்கள். "தலைவர் படத்துக்குக் குழந்தைங்கள விடாம வேற யாரை விடுவீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. "மேனேஜரைக் கூப்பிடு" என்று குரலை உயர்த்தியவர்களும் உண்டு.

அந்தப் பையன் என்ன தப்பு செய்தான்? 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, 'ஏ' படத்துக்கு 18 வயது நிறையாதவரை உள்ளே விட்டால் தண்டனை படம் காட்டுகிறவருக்கு.  மாதச் சம்பளத்துக்கு நின்றுகொண்டிருக்கும் ஒருவர் உங்கள் பிள்ளைக்காகச் சட்டத்தைக் காப்பாற்றுகிறார். நீங்களோ உங்கள் பிள்ளையின் கண்முன்னாலேயே அவரைத் திட்டுகிறீர்கள். விதி என்று ஒன்று இருந்தால் அதைச் சத்தம் போட்டு வளைக்கலாம் என்ற பாடத்தைப் படம் தொடங்கும் முன்பே நடத்திவிட்டீர்கள்.

தயாரிப்பு நிறுவனம் 'யு/ஏ' கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர்கள் போனதில் ஒரு வியாபாரக் கணக்காவது இருக்கிறது. குடும்பங்கள் வராவிட்டால் வசூல் குறையும். உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? எட்டு வயதுப் பையன் அந்தப் படத்தைப் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் எதை இழந்துவிடுவான்?

படம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வயதிலும் ஒரு நடையில், ஒரு பார்வையில் அரங்கை எழுந்து நிற்க வைக்கும் ரஜினியைப் பார்ப்பது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதன் கதை எதைச் சுற்றிச் சுழல்கிறது? பிணங்களைச் சத்தமில்லாமல் எரித்துவிடும் ஒரு நாற்காலி இயந்திரத்தை. தேவையா இல்லையா என்று நானும் நீங்களும் வாதாடலாம். அந்த வாதத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இடமில்லை.

சரி, 'ஏ' படத்தையாவது வாசலில் தடுக்கிறார்கள். 'யு/ஏ' படங்களை யார் தடுப்பது? 2023இல் வந்த 'ஜெயிலர்' யு/ஏதான். அதில் வில்லன் மனிதர்களை அமிலத் தொட்டியில் இறக்குகிறான். பண்டிகைக்குப் போவதுபோல் புதுச்சட்டை போட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். யாரும் மறிக்கவில்லை. மறிக்கவும் மாட்டார்கள். ஏனென்றால் யு/ஏ என்றால் முடிவு பெற்றோருடையது என்று பொருள். முன்பு அது 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டும் என்ற ஒரே வரியாக இருந்தது. 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதை மூன்றாகப் பிரித்தது: 7 வயது, 13 வயது, 16 வயது. எந்த வயதுப் பிள்ளைக்கு எது சரி என்று பெற்றோர் யோசிக்க வசதியாகத்தான் இந்தப் பிரிவு. டிக்கெட் போடும் ஆப்பில் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. எந்த வரிசை, ஓரத்து சீட்டா நடு சீட்டா, பாப்கார்ன் காம்போவா தனியா என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நமக்கு அந்த எண் மட்டும் கண்ணில் படுவதில்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்க்கத் தெரிந்த நமக்கு இது தெரியாதா?

இருட்டில் பிள்ளையைப் பாருங்கள்

உங்களில் பலர் திரையைத்தான் பார்க்கிறீர்கள். பக்கத்து சீட்டில் இருக்கும் உங்கள் பிள்ளையைப் பார்ப்பதில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இரவுக் காட்சி. என் முன்வரிசையில் அப்பா, அம்மா, நடுவில் ஐந்து வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. நடக்கும்போது விளக்கு எரியும் செருப்பு போட்டிருந்தாள். மடியில் அவள் முகத்தைவிடப் பெரிய பாப்கார்ன் டப்பா. முதல் அரை மணி நேரம் கால்களை ஆட்டிக்கொண்டே இருந்தாள். செருப்பு மினுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சண்டை. சுத்தியல் ஒருவன் தலையில் இறங்கியது. குழந்தை சட்டென்று அம்மாவின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். அப்பா குனிந்து, "பாரு பாரு, ஹீரோ வந்துட்டாரு" என்றார். அப்பா சொன்னதால் அவள் நம்பித் திரும்பினாள். ஹீரோ வந்துதான் இருந்தார். அவர் கையில் அரிவாள் இருந்தது.

இடைவேளை வெளிச்சத்தில் அவள் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அந்த அங்கிளுக்கு வலிக்கும்ல?"

"அது சும்மாடா, சினிமா" என்று சொல்லிவிட்டு அப்பா ஐஸ்கிரீம் வாங்கப் போனார்.

இடைவேளைக்குப் பிறகு அவள் தூங்கிப்போனாள். தூக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. பின்னணி இசை ஒவ்வொரு முறை அதிரும்போதும் அவள் இரண்டு கையும் தூக்கிப்போட்டது. படம் முடிய நள்ளிரவு தாண்டியது. தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல பெற்றோர்தான். பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி. இரண்டு முதல் நான்கு வயது வரை திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. நாம் இருட்டில், காதைப் பிளக்கும் சத்தத்தில், ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறோம்.

இதைச் சொன்னால் நீங்கள் தரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"அவனுக்கு ஒண்ணும் புரியாது." கதை புரியாது, உண்மை. கதை புரியாததால்தான் அவன் நிலை இன்னும் மோசம். யார் கெட்டவன், ஏன் அடிபடுகிறான், இது எங்கே போய் முடியும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதனால் தாங்கிக்கொள்கிறீர்கள். பிள்ளைக்குத் தெரிவது அலறலும் ரத்தமும் மட்டும். அதோடு, பக்கத்தில் இருக்கும் அப்பா விசிலடிக்கிறார் என்பதும் தெரிகிறது.

"நாங்க பார்த்து வளரலையா?" நாம் பார்த்த படங்களிலும் சண்டை இருந்தது. காற்றில் சுழலும் கையும் 'டிஷ்யூம்' சத்தமுமாக இருந்தது. இன்று தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. கழுத்து அறுபடுவதை அறுபடுவதாகவே, அருகில் கொண்டுவந்து, நிதானமாகக் காட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

"யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" இது நியாயமான கேள்வி. தாத்தா பாட்டி ஊரில் இருக்கிறார்கள், வீட்டில் இருவருக்கும் வேலை, வாரத்தில் கிடைப்பது ஒரு சாயங்காலம். அதையும் விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வழி இல்லாமல் இல்லை. இந்த வாரம் அப்பா, அடுத்த வாரம் அம்மா என்று போகலாம். ஒரே மாடியில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால் காத்திருக்கலாம். பெரும்பாலான படங்கள் ஒன்றிரண்டு மாதத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. முதல் வாரமே பார்க்காவிட்டால் ஆபீஸில் பேச்சில் கலந்துகொள்ள முடியாது என்பதெல்லாம் பிள்ளையின் தூக்கத்துக்கு ஈடாகாது.

ஒன்றை மட்டும் கனத்த மனதோடு சொல்கிறேன். 2024 டிசம்பர் 4 இரவு ஹைதராபாத் சந்தியா திரையரங்கில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சியின்போது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் இறந்தார்; அவருடைய சிறுவயது மகன் உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. நெரிசலைத் தடுத்திருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். ஆனாலும் முதல் நாள் கூட்டம் எப்படியிருக்கும் என்று தெரிந்த பிறகும் பிள்ளைகளோடு அதற்குள் போக வேண்டுமா என்று நாம் நம்மைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஹாலில் ஓடுகிற பெட்டி

"நாங்க தியேட்டருக்கே போறதில்லை" என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது; வெட்டிச் சுருக்கி மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். 2024 டிசம்பரில் வெளியான 'மார்கோ' என்ற மலையாளப் படத்துக்கு, அதன் கொடூரக் காட்சிகளுக்காக, தொலைக்காட்சி அனுமதியே மறுக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே படம் ஓடிடிக்கு வந்துவிட்டது. டிவியில் வரக் கூடாது என்று மறுக்கப்பட்ட படம், சோறு ஊட்டுவதற்காக நீங்கள் பிள்ளை கையில் கொடுக்கிற போனில் இருக்கிறது.

ஓடிடிக்கும் விதி உண்டு. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி ஒவ்வொரு படத்துக்கும் தொடருக்கும் வயது வகை போட வேண்டும். 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்றால் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். தந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறீர்களா? செட்டிங்ஸுக்குள் போய் நான்கு இலக்கம் போடும் வேலை. ஐந்து நிமிடம் ஆகாது. பிள்ளைக்கென்று தனி புரொஃபைல் திறந்து அதன் வயதைப் போட்டு வைக்கவும் வழி இருக்கிறது. பூட்டுக்கான எண்ணைப் பிள்ளையின் பிறந்த நாளாக வைக்காதீர்கள். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு நாள் போதும்.

சீரியல்களுக்கு இந்த எண்கூட இல்லை. சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி இரவு பத்து வரை ஹாலில் ஓடுகிறது. சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறது. அவள் டிவியைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறீர்கள். அவள் காது திறந்துதான் இருக்கிறது. பாலில் விஷம் கலக்கலாமா, மருமகளை எப்படி வீட்டை விட்டுத் துரத்தலாம், கல்யாணத்தன்று மாப்பிள்ளையை எங்கே கடத்தி வைக்கலாம் என்று பெரியவர்கள் நிதானமாகத் திட்டம் போடுவதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் வாய்ப்பாடு எழுதுகிறாள்.

'எதிர்நீச்சல்' நினைவிருக்கிறதா? மறைந்த மாரிமுத்து ஆதி குணசேகரனாக வந்து வீட்டுப் பெண்களை அதட்டிய தொடர். அற்புதமான நடிப்பு. அந்தத் தொடர் பேசியது ஆணாதிக்கத்தை எதிர்த்து எழுந்து நிற்கும் பெண்களைப் பற்றி. பெரியவர்களுக்கு அந்தக் கருத்து போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது அந்த அதட்டல். ஐந்து வயதுப் பையன்கள் அதே தோரணையில் அம்மாவை அதட்டினார்கள். நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். போனை எடுத்து, "இன்னொரு தடவை சொல்லு கண்ணா" என்று படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தோம். அம்மாவை அதட்டினால் வீடே சிரித்துக் கொண்டாடும் என்று அந்தப் பையன் கற்றுக்கொண்டதற்குத் தொடரை எழுதியவரா பொறுப்பு?

பிள்ளைகளுக்குக் கருத்து பிறகுதான் புரியும். தொனி உடனே ஒட்டிக்கொள்ளும். ஒரு படத்தையோ தொடரையோ எடைபோடும்போது அது கடைசியில் நல்லதைத்தான் சொல்கிறது என்ற சமாதானம் போதாது. அதுவரை இரண்டரை மணி நேரம் என்ன தொனியில் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

ஆடச் சொல்லாதீர்கள், ஆட விடுங்கள்

பாட்டுக்கு வருகிறேன். 'காவாலா' வந்த வருடம் எத்தனை பள்ளி ஆண்டு விழாக்களில், எத்தனை அபார்ட்மெண்ட் பொங்கல் விழாக்களில் சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் அதற்கு ஆடினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2025இல் 'மோனிகா' அந்த இடத்துக்கு வந்தது. இரண்டுமே நல்ல தாளம். காதில் விழுந்தால் குழந்தை குதிக்கும், குதிக்கட்டும். தன் போக்கில், சோபாவில் ஏறி இறங்கி, கையைக் காலை வீசி ஆடுகிற குழந்தையைப் போல அழகு வேறில்லை.

ஆனால் நாம் அதோடு விடுவதில்லை. திரையில் ஒரு வளர்ந்த பெண், வளர்ந்தவர்களுக்காக ஆடிய ஒவ்வொரு அசைவையும் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். இடுப்பை இப்படி, கண்ணை இப்படி, உதட்டை இப்படி. ஆறு வயதுக் குழந்தைக்கு லிப்ஸ்டிக் தீட்டி, வாடகைக்கு எடுத்த உடையை ஊசி குத்தி இறுக்கி மேடையேற்றுகிறோம். அவள் என்ன செய்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கைதட்டுகிறோம்.

தொலைக்காட்சி நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளை வயதுக்குப் பொருந்தாத அசைவுகளோடு காட்டக் கூடாது என்று 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. சேனலில் வேலை செய்யும் குழந்தைக் கலைஞருக்கு வேறு பாதுகாப்பும் உண்டு: நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். இதெல்லாம் சட்டம். நம் வீட்டு ஹாலில் ரிங் லைட் வைத்து ரீல்ஸ் எடுக்கும்போது இந்தச் சட்டத்தை யார் பார்க்கிறார்கள்? "இன்னும் ஒரே ஒரு டேக், தங்கம்" என்று கெஞ்சும் அம்மாவையும் தூக்கக் கண்ணோடு மறுபடி சிரிக்கும் குழந்தையையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 13 வயது ஆகாதவர் இன்ஸ்டாகிராமில் கணக்கே வைத்துக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் அம்மா அப்பா பெயரில் கணக்கு ஓடுகிறது. அந்தக் குழந்தை பதினைந்து வயதில் அந்த வீடியோக்களைப் பார்த்து என்ன நினைக்கும் என்று கேட்டுக்கொண்டீர்களா? அப்போது அவற்றை எல்லார் போனிலிருந்தும் உங்களால் அழிக்க முடியுமா?

இசையைக் காட்ட வேண்டுமென்றால் வேறு கதவுகள் எவ்வளவோ இருக்கின்றன. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. பிள்ளையோடு உட்கார்ந்து, ஓர் இசைக்குழு எப்படி வரிசையாக அமர்ந்திருக்கிறது, வயலின்கள் எங்கே, ஊதுகருவிகள் எங்கே, நடுவில் நிற்பவர் கையசைவுக்கு என்ன பொருள் என்று எத்தனை பேர் காட்டியிருப்போம்? காரில் போகும்போது ஒரு பாட்டைப் போட்டு, "இதில் புல்லாங்குழல் எங்கே வருது, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஏழு வயதுக் காது எவ்வளவு கூர்மையானது என்று நீங்களே அசந்துபோவீர்கள்.

நல்ல படம் வந்தபோது எங்கே போனீர்கள்?

என் கோபத்தின் பெரிய பங்கு இங்கேதான். "குழந்தைகளுக்குத் தமிழில் என்ன படம் வருது?" என்று நீங்கள் கேட்கும்போது எனக்கு வருகிற ஆற்றாமையைச் சொல்லி முடியாது. வருகிறது. நீங்கள்தான் போவதில்லை.

2024 மே மாதம் 'குரங்கு பெடல்' வந்தது. ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்த படம். எண்பதுகளின் ஒரு கோடை விடுமுறை. சைக்கிள் ஓட்டத் தெரியாததால் ஊரெல்லாம் கேலி செய்யும் அப்பா, எப்படியாவது ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று துடிக்கும் மகன். மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த சைக்கிளில், சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாமல், கம்பிக்கு இடையில் காலை விட்டு மிதிக்கும் பிள்ளைகள். ஒரு வில்லன் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, முட்டியில் சிராய்ப்பதைத் தவிர. எனக்கு அதில் பிடித்தது, பிள்ளைகளின் சின்ன ஆசையைச் சின்ன விஷயம் என்று அந்தப் படம் ஒதுக்காததுதான். சைக்கிள் கற்றுக்கொள்வது அந்த வயதில் உலகத்தையே பிடிப்பதற்குச் சமம் என்பதை அது அறிந்திருந்தது. கோடை விடுமுறையில்தான் வந்தது. அரங்கை நிரப்பினோமா? இல்லை.

2025 ஜூலை 4 அன்று ராமின் 'பறந்து போ' வந்தது. இதைப் பிள்ளைக்காகப் போட்டுக் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் பாருங்கள் என்பேன். நம்மைப் பற்றிய படம் அது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தவணை கட்டவும் பள்ளிக் கட்டணம் கட்டவும் ஓடுவதிலேயே நாள் போகிறது. பையனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் அப்பாவும் மகனும் பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். மரம், குளம், குன்று, பழைய நண்பர்கள் வீடு என்று அந்தப் பயணம் போகப் போக, பையன் அடம்பிடிப்பதெல்லாம் கெட்ட பழக்கத்தால் இல்லை, பக்கத்தில் ஆளில்லாத தவிப்பால் என்று நமக்கே விளங்குகிறது. சிவாவின் முகத்தில் வழக்கமான கேலிக்குப் பின்னால் ஒரு களைத்த தகப்பன் தெரிகிறார். அந்தக் களைப்பு உங்களுக்கும் எனக்கும் தெரிந்த களைப்பு.

அதே நாள் வந்த '3 பிஹெச்கே' வேறொரு பாடம். சொந்த வீடு என்ற அப்பாவின் கனவு, மகனின் மதிப்பெண் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளோடு பார்க்க வேண்டிய படம், பார்த்துவிட்டு, "நான் உன்மேல அப்படி ஏத்தி வைக்கிறேனா?" என்று கேட்கவும் வேண்டும். 2024இல் வந்த 'மெய்யழகன்' ஓர் இரவு முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் படம். நீளம் என்று நாம் முணுமுணுத்ததால் திரைக்கு வந்த பிறகு 18 நிமிடத்தை வெட்டினார்கள். அடிதடிக்கு மூன்று மணி நேரம் பொறுமையாக உட்காருகிற நமக்கு அன்பு மட்டும் நீளமாகத் தெரிந்தது. அதைப் பிள்ளைகளோடு பாருங்கள். "நம்ம ஊர் எதுப்பா? அங்க யார் இருக்காங்க?" என்று அவர்கள் கேட்பார்கள்.

சினிமா என்பது வியாபாரம். எந்தப் படத்துக்கு டிக்கெட் விற்கிறதோ அந்த மாதிரிப் படம்தான் அடுத்த வருடமும் வரும். ரத்தம் தெறிக்கும் படத்துக்கு முதல் நாள் நான்கு டிக்கெட் எடுத்து, குழந்தைகள் படம் வந்தால் "ஓடிடியில் பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவர், தமிழ் சினிமா கெட்டுப்போச்சு என்று புலம்பக் கூடாது. அப்படி ஆக்கியதில் அவருடைய பணமும் இருக்கிறது.

இனி இதைச் செய்யுங்கள்

நான் கேட்பது பெரிய தியாகம் எதுவும் இல்லை. டிக்கெட் போடும் முன் சான்றிதழைப் பாருங்கள். 'ஏ' என்றால் பிள்ளையை வீட்டில் விடுங்கள், விவாதமே வேண்டாம். யு/ஏ என்றால் அந்த எண்ணைப் பிள்ளையின் வயதோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒருவர் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தப் படமானாலும் சின்னக் குழந்தைக்கு இரவுக் காட்சி வேண்டாம். பகல் காட்சி இருக்கிறது. குழந்தை பயந்து முகத்தை மூடினால் எழுந்து வெளியே வாருங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். தனக்குப் பயமாக இருந்தபோது அப்பா படத்தைப் பாதியில் விட்டு எழுந்து வந்தார் என்பது அந்தக் குழந்தை ஆயுளுக்கும் மறக்காத பாதுகாப்பு.

வீட்டில் பிள்ளை படிக்கும் நேரத்தில் ஹால் டிவியை அணையுங்கள். பாட்டிக்குச் சீரியல் வேண்டுமென்றால் பிள்ளையின் படிப்பு மேசையை வேறு அறைக்கு மாற்றுங்கள். பாட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஓடிடியில் இன்றே பூட்டைப் போடுங்கள். பிள்ளை முகம் இருக்கும் பொதுக் கணக்கை மூடுங்கள். ஆண்டு விழாவுக்குப் பொருந்தாத பாட்டைத் தேர்ந்தெடுத்தால் டீச்சரிடம் தன்மையாகப் போய்ச் சொல்லுங்கள். "பேரண்ட்ஸ் கேட்கிறாங்க, அதான் வைக்கிறோம்" என்பார்கள். கேட்கும் பெற்றோர் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

இன்னொன்று. நம் எல்லாருக்கும் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. காலை வணக்கப் படங்களும் வீட்டுப்பாடச் சந்தேகங்களும் போடும் அந்த இடத்தில், வாரம் ஒருமுறை ஒரு படத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள்: எந்த வயதுப் பிள்ளை பார்க்கலாம், எந்தக் காட்சியில் கவனம் வேண்டும், பார்த்துவிட்டு உங்கள் பிள்ளை என்ன கேட்டது. தணிக்கை வாரியத்துக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதே வகுப்பில் படிக்கும் நாற்பது பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து சொல்லும் இரண்டு வரி, எந்தச் சான்றிதழையும்விடப் பயன்படும்.

நல்ல படம் ஒன்று வந்தால் அந்த நாற்பது குடும்பமும் சேர்ந்து போங்கள். வழியிலேயே பிள்ளைகளைப் பேச விடுங்கள். எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் அழுகை வந்தது என்று கேளுங்கள். உங்கள் கருத்தைச் சொல்ல அவசரப்படாதீர்கள். எதை ரசிப்பது, எதை ஒதுக்குவது என்று அவர்கள் ஒருநாள் நம் துணையில்லாமல் முடிவு செய்யத்தான் போகிறார்கள். அதற்கான பழக்கத்தை நாம் பக்கத்தில் இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும். அதை இந்த வாரக் கடைசியிலேயே தொடங்குங்கள்.